தேனுக்குக் கிடைத்த தீர்ப்பு

வாசகரே, சற்று எழுந்து நில்லுங்கள். இந்த வாரம் உங்களுக்கு வேடிக்கை பார்க்கும் வேலை இல்லை. சாட்சி சொல்லும் வேலை. புத்தூரில் ஒரு மனிதரின் கால் கட்டைவிரலுக்கு வந்த ஆபத்தில் தேனுக்கு எவ்வளவு பங்கு, என் நாக்குக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். என்னிடம் விட்டால் முழுப் பழியையும் தேனின் தலையில் ஏற்றிவிடுவேன். அதற்கான பயிற்சி எனக்கு நிரம்ப உண்டு.

இருபத்தைந்து வயதுகூட நிறையாதவனுக்கு நினைவுக் குறிப்புகள் எதற்கு என்று சென்ற வாரமும் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ஐயா, நினைவு என்ன, நரைத்த தலைகளுக்கு மட்டும் பட்டா எழுதிக் கொடுத்த நிலமா? எனக்கும் இரண்டு குழி விடுங்கள், உழுது காட்டுகிறேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஆந்திர ராஜ்யம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்த ஊர் தமிழ்ப் பக்கம், எந்த ஊர் தெலுங்குப் பக்கம் என்பது மட்டும் தீரவில்லை. நான் திருப்பதியில் கல்லூரி மாணவன்; எல்லைக் கூட்டங்களில் தமிழ்ப் பக்கம் பேசுகிறவன். முதல் பஸ்ஸைப் பிடித்து, வடமாலபேட்டையில் சாலையை மறித்த எருமைகளுக்காகக் கால் மணி நேரம் காத்திருந்து, புத்தூரில் இறங்கி, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் தாய்மாமன் வீட்டுக்குள் நுழைந்தேன்.

மாமா கோவிந்தசாமி பெஞ்சில் அமர்ந்திருந்தார். வேர்க்கடலை மண்டி வைத்திருப்பவர்; பருத்த உடல், அதைவிடப் பருத்த குரல். வலது கால் ஒரு முக்காலியின் மேல் நீண்டிருந்தது. கட்டைவிரலில் வெள்ளைக் கட்டு. மடியில் தட்டு. தட்டில் தோசை. தோசையின் மேல், விளிம்பு வரை ததும்பிக்கொண்டு, பொன்னிறத்தில் மலைத்தேன்.

"வா நைனா," என்றார் அடுக்களை வாசலில் நின்ற தாயாரம்மா அத்தை. "நல்ல நேரத்துக்கு வந்த. நாலாவது தோசை. உன் பாட்டச் சொல்லிக்கினே துன்னுக்கினு கீறாரு."

மாமா கண்ணை மூடினார். கோயில் வாசலில் நிற்பவரைப்போல் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்:

தித்திக்கும் எல்லாமும் தீங்கென்பர் தேனொன்றே
நித்தமும் உண்ண நலம்.

"இன்னா வாக்கு மாப்ளே! சித்தர் வாக்குன்னா சும்மாவா?" என்று விரலை நக்கினார்.

சுவரில் ஒரு மாடம். மாடத்தில் தேன் சீசா. அதற்கு மேலே, சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில், சோற்றுப் பசையால் ஒட்டிய ஒரு தாள். புத்தூர் வாசகசாலையின் ஊதா நிற முத்திரை அதில் குத்தியிருந்தது. 'தேன் உடலுக்கு நன்மையே செய்யும் என்று இச்சபை தீர்மானிக்கிறது. உண்மை நகல்.'

அத்தை என் கையில் இன்னொரு தாளைக் கொடுத்தார். திருப்பதி டாக்டரின் சீட்டு. மாமாவுக்கு நீரிழிவு முற்றியிருக்கிறது. இனிப்பு எந்த வடிவத்திலும் கூடாது. செருப்புக் கடித்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டியிருக்கும்.

"விரலோட நிக்குமான்னு கேட்டேன்," என்றார் அத்தை. "கத்தி வெச்சா எல்லை எங்க நிக்கும்னு இப்போ சொல்ல முடியாதும்மான்னாரு."

அந்தச் சித்தர் யாரென்று உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். சாட்சியிடம் மறைக்கக் கூடாது.

நான்தான்.

எல்லை இல்லாத ஒரு தலைப்பு

புத்தூர், கை கால் முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொள்ள நாலா திசையிலிருந்தும் தேடி வருகிற ஊர். அந்தக் காலத்தில் வாசகசாலைக் கூட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய வசதியாக இருந்தது.

வாசகசாலையில் பாதிப் பேர் தமிழர், பாதிப் பேர் தெலுங்கர். எந்தத் தலைப்பை எடுத்தாலும் இருபது நிமிடத்தில் பேச்சு எல்லைக்கு வந்துவிடும். 'பெண் கல்வி' என்று ஆரம்பித்தோம். பள்ளிக்கூடம் எந்த மொழியில் என்று கேட்டு ஒருவர் எழுந்தார், மேஜை விளக்கு உடைந்தது. 'காடு வளர்ப்போம்' என்று ஆரம்பித்தோம். கார்வேட்டிநகரத்துக் காடு யாருக்கு என்று கேட்டு இன்னொருவர் எழுந்தார், இரண்டு பெஞ்சுகள் போயின.

வாசகசாலைத் தலைவர் வக்கீல் சுப்பராமய்யா தெலுங்கர். தமிழிலும் அழகாகப் பேசுவார். பெஞ்சுகளின் மேல் அக்கறை கொண்டவர். எந்த எல்லைக்கும் கட்டுப்படாத ஒரு தலைப்பை அவர் ஒரு வாரம் யோசித்துக் கண்டுபிடித்தார். 'தேன் உடலுக்கு நன்மை செய்வதா, தீமை செய்வதா?' தேனீக்கு ராஜ்யம் கிடையாது. நகரி மலையில் பூத்ததை எடுத்துக் கார்வேட்டிநகரத்து மலையில் கூடு கட்டினாலும் யாரும் மனுப் போடமாட்டார்கள்.

யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதை அங்கே சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். காலியான பொடி டப்பா ஒன்றில் இரண்டு சீட்டுகள். ஒரு வாரம் முன்னதாக எடுத்தால் பேச்சாளர்கள் ஆள் சேர்த்துவிடுகிறார்கள் என்பதால், கூட்டத்துக்கு முந்தைய நாள்தான் எடுப்பார்கள். எனக்கு வந்தது 'நன்மை'; மாலைப் பஸ்ஸில் விடுதிக்குச் சொல்லி அனுப்பினார்கள். 'தீமை' வந்திருந்தால் அதே வீறோடு தேனைத் தூக்கில் போட்டிருப்பேன். பேச்சுப் பயின்றவன் எந்தப் பக்கமும் பேசத் தெரிந்தவன். அதைப் பெருமையாகத்தான் அன்று நினைத்தேன். இன்றும் முழுக்க விட்டபாடில்லை.

இன்னொன்றையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கூட்டம் முடிந்ததும் கைதட்டலை அளந்து தலைவர் ஒரு பக்கத்துக்குத் தீர்ப்புச் சொல்வார். அது நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறும். கையெழுத்தும் முத்திரையும் விழும். தமிழிலும் அதற்குத் தீர்ப்பு என்றுதான் பெயர், தெலுங்கிலும் தீர்ப்பு என்றுதான் பெயர். ஊரே எல்லையைப் பற்றிய வேறொரு பெரிய தீர்ப்புக்காகக் காத்திருந்த காலத்தில், கையில் கிடைத்த சின்னத் தீர்ப்பை எவ்வளவு ஆசையோடு பிடித்துக்கொள்வார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பஸ்ஸில் பிறந்த சித்தர்

தேனைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மேடை ஏறுமுன் சுக்குப் பொடியில் அரை ஸ்பூன் குழைத்து நாக்கில் தடவினால் குரல் கமறாது. இதை வைத்துப் பதினைந்து நிமிடம் எப்படிப் பேசுவது?

விடுதியில் நண்பர்களை விசாரித்தேன். வெந்நீரில் குடித்தால் இளைக்கும் என்றான் ஒருவன். தண்ணீரில் குடித்தால் பருக்கும் என்றான் இன்னொருவன். நெய்யும் தேனும் சம அளவு சேர்ந்தால் விஷம் என்றான் மூன்றாமவன். முடியில் பட்டால் நரைக்கும் என்று நான்காமவன் தன் முன்னந்தலையைக் காட்டினான். கேட்கக் கேட்கத் தேன் எனக்கு ஒரு மந்திரியைப்போலத் தெரிந்தது; யார் பக்கத்தில் அமர்கிறதோ அதற்கேற்ற குணம்.

மேற்கோள் இல்லாத பேச்சு தாளிக்காத குழம்பு. பஸ் வடமாலபேட்டையைத் தாண்டியபோது என்னிடம் ஒரு மேற்கோளும் இல்லை. புத்தூரில் இறங்கியபோது ஒரு குறள் வெண்பாவே இருந்தது. "பெயரறியாச் சித்தர் ஒருவர் பாடி வைத்தார்" என்று மேடையில் சொன்னேன். அவர் பெயரை நான் அறியாமல் இருந்தது உண்மைதான். அவருக்குப் பெயர் வைக்கப் பஸ்ஸில் நேரம் போதவில்லை.

என் எதிரணியில் ஒரு பள்ளி ஆசிரியர். மெலிந்த குரல். எழுதி வைத்த காகிதத்தைப் பார்த்துப் படித்தார். சீக்கிரம் செரிக்கும், உழைப்பவனுக்குத் தெம்பு தரும், இருமலுக்கு இதமானது என்று தேனின் நல்ல குணங்களை நேர்மையாக ஒப்புக்கொண்டார். பிறகு, "ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்குத் தேனும் சர்க்கரைதான்" என்றார். அன்று அந்தச் சபையில் பேசப்பட்ட உண்மை அவ்வளவுதான்.

நான் எழுந்தேன். துண்டைச் சரி செய்தேன். "சர்க்கரை ஆலையில் பிறந்தது! தேன் சோலையில் பிறந்தது! ஆலையும் சோலையும் ஒன்றா, அவையோரே?"

கூரை அதிர்ந்தது. முன்வரிசையில் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டியவர் மாமா. டாக்டர் அவருடைய சர்க்கரையை நிறுத்தி அன்றோடு ஒரு மாதம் ஆகியிருந்தது என்பது எனக்குத் தெரியாது. சுப்பராமய்யா என் தோளைத் தட்டி, "பாகா செப்பினாவு அப்பாயி!" என்று தெலுங்கில் மெச்சினார்.

மறுநாளே மாமா அரையணா கொடுத்துத் தீர்ப்பின் நகலை வாங்கிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமைச் சந்தையில் மலைத்தேன் ஒரு சீசா. அடுத்த வெள்ளிக்கு இரண்டு.

என்னை நானே எதிர்த்து

டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அன்று காலை மாமாவின் எதிரே உட்கார்ந்தேன். பேசியே ஏற்றிய பொருளைப் பேசியே இறக்கிவிடலாம் என்ற நம்பிக்கை.

"மாமா, தேனும் ஒருவகைச் சர்க்கரைதான்."

"ஆலையா, சோலையா?"

"எங்கே பிறந்தால் என்ன மாமா, உள்ளே போன பிறகு..."

"ஆலையா, சோலையா? அத்தச் சொல்லு மொதல்ல."

"மாமா, அது மேடைக்காகச் சொன்னது."

"மேடைக்காகவா? அப்போ மத்தவங்க மேடையில பேசறதெல்லாம்? நம்ம ஊரு நமக்கேன்னு பேசினியே நாராயணவனத்துல, அதுவும் மேடைக்காகத்தானா?"

 இந்தப் பாதையில் இன்னும் இரண்டு அடி வைத்தால் என் அரசியல் வாழ்வே முடிந்துபோகும்.

"டாக்டர் சொல்கிறாரே," என்றேன்.

"டாக்டர் ஒருத்தர். சபையில கை தட்டினவங்க நூறு பேரு. நான் இன்னா மாப்ளே, சட்டம் தெரியாதவனா? விஜயபுரத்து நிலத்துல வரப்புத் தகராறு எத்தினி வருஷம் நடத்தினேன்? தோத்தேன். தீர்ப்பு வந்த மறுநாளே மம்பட்டி எடுத்துக்கினு போயி வரப்பத் தள்ளிப் போட்டேனா இல்லியா? எனக்கு எதிரா வந்த தீர்ப்புக்கே கட்டுப்பட்டவன். அனுகூலமா வந்தத வுட்டுடுவனா?"

"இவருக்கு ஒடம்பு முழுக்க சட்டம்," என்றார் அத்தை. "சக்கர மட்டும் கொஞ்சம் எடம் வுட்டுச்சுன்னா கோர்ட்டே வெச்சிடலாம்."

எல்லா வழியும் அடைபட்ட பிறகு, அவருடைய சட்டத்தையே கதவாக்கினேன். "தீர்ப்பு தவறென்றால் மேல்முறையீடு உண்டல்லவா?"

மாமாவின் கண்கள் மின்னின. தேனுக்கு அடுத்தபடியாக அவருக்கு இனித்த சொல் அது. "உண்டு. கூட்டு சபைய. நீ தேனுக்கு எதிரா பேசு. நான் தேனுக்காகப் பேசறேன். தோத்தா அன்னிக்கே வுட்டுடறேன். ஜெயிச்சா, நீயோ டாக்டரோ தாயாருவோ, யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

ஒரு கட்டைவிரலைப் பந்தயமாக வைத்து நடந்த சொற்போர் வேறெங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒப்புக்கொள்ளும்போது என் மனத்தில் விரல் இல்லை. மேடைக்கே புதியவரான ஒரு மண்டிக்காரரை வெல்ல முடியாதா என்ற இறுமாப்பு மட்டும் இருந்தது.

மேல்முறையீடு

அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வாசகசாலை நிரம்பி வழிந்தது. மருமகன் மாமனை எதிர்க்கிறான், அதுவும் தன் பேச்சையே தான் மறுக்கிறான் என்ற செய்தி நகரி வரை போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பெண்கள் நின்றார்கள்.

நான் நன்றாகப் பேசினேன். இதில் அடக்கம் காட்டினால் சாட்சியான உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதை விவரித்தேன். ஆறாத புண்ணை விவரித்தேன். டாக்டர் சீட்டைப் பதாகைபோல உயர்த்திப் பிடித்தேன். பின்வரிசை வரை அமைதி.

மாமா தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். அவருக்குப் பேச்சுப் பயிற்சி கிடையாது. வேர்க்கடலை ஏலம் விட்ட பயிற்சிதான்.

"ஐயாமாரே, போன தபா இதே எடத்துல நின்னு இந்தப் புள்ள இன்னா சொன்னான்? சர்க்கரை எங்க பொறந்திச்சு?"

"ஆலையிலே!" என்றது சபை.

"தேன்?"

"சோலையிலே!"

"ஒண்ணா?"

"இல்லே!"

கைதட்டல் ஒரு நிமிடம் ஓயவில்லை. என் அடுக்குமொழிக்கு அவ்வளவு நல்ல வரவேற்பை நான் பேசியபோதுகூடப் பெற்றதில்லை. மாமா அதோடு நிற்கவில்லை. குறளைச் சொன்னார், இரண்டு முறை. "இவன் இன்னிக்கு மாத்திப் பேசலாம். சித்தர் மாத்திப் பேசுவாரா?"

சுப்பராமய்யா தீர்ப்பெழுதப் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டார்.

அப்போதுதான் ஓர் ஈ மாமாவின் காலில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். கட்டு சற்று நெகிழ்ந்து, விரலின் ஓரம் வெளியே தெரிந்தது. மேல் தோல் கருத்திருந்தது. ஈ அந்தப் புண்ணின் மேலேயே நடந்தது. மாமா காலை அசைக்கவில்லை. சிரித்துக்கொண்டே கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவில்லை. அந்த விரலில் அவருக்கு எதுவுமே தெரியவில்லை.

 அதுவரை நான் ஒரு விவாதத்தில் இருந்தேன். அந்த ஈயைப் பார்த்த பிறகு அங்கே மாமாவின் கால் மட்டும்தான் இருந்தது.

"தலைவர் அவர்களே, ஒரு விளக்கம்," என்று எழுந்தேன். "அந்தச் சித்தர் நான்தான்."

சபைக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். "அந்தப் பாட்டை எந்தச் சித்தரும் பாடவில்லை. வடமாலபேட்டைக்கும் புத்தூருக்கும் நடுவில், பஸ்ஸில் உட்கார்ந்து நான் கட்டினேன். ஆலை சோலை என்றது ஓசைக்காக. தேனைப் பற்றி எனக்கு அன்றும் ஒன்றும் தெரியாது. சீட்டில் என்ன வந்ததோ அதைப் பேசினேன்."

சுப்பராமய்யா கண்ணாடியைக் கழற்றினார். "ஏமி? நுவ்வே சித்துடிவா?"

"சித்தரே! அடியேனுக்கு விபூதி குடுங்கோ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சபை வெடித்துச் சிரித்தது. என் காது மடல்கள் கொதித்தன. நாராயணவனத்திலும் நகரியிலும் எனக்குப் போட்ட மாலைகளெல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தில் அரித்தன.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சரி. பாட்டு பொய். பையன் பொய். தேன் இன்னா பொய்யா சொல்லிச்சு? அது அங்க மலையில தன்பாட்டுக்குக் கீது."

மறுபடியும் கைதட்டல்! என் மானத்தையே விற்றுக் காசாக்கி வைத்தேன். அதையும் மாமா வாரிக்கொண்டு போய்விட்டார்.

அத்தையின் சாட்சியம்

ஜன்னலோரக் கூட்டம் விலகியது. அத்தை உள்ளே வந்தார். அந்த வாசகசாலைக்குள் ஒரு பெண் வந்து மேஜையருகே நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கையில் ஒரு கூடை. கூடையிலிருந்து ஒரு சாராய விளக்கு, மூன்று கண்ணாடிக் குழாய்கள், நீல நிற மருந்து ஒரு சீசா, மூடி போட்ட ஒரு சின்னக் கிண்ணம், தேன் சீசா எல்லாவற்றையும் வரிசையாக மேஜைமேல் வைத்தார்.

"இதேமி தல்லி?" என்றார் சுப்பராமய்யா.

"திருப்பதி ஆஸ்பத்திரியில கம்பவுண்டர் கத்துக் குடுத்ததுங்க. தெனம் காலைல வூட்ல பண்ணச் சொன்னாரு. இவரு பாக்கவே மாட்டேன்றாரு. எனக்குப் பேசத் தெரியாது. பண்ணிக் காட்டிட்டுப் போறேன்."

மூன்று குழாய்களிலும் நீல மருந்தை ஊற்றினார். முதல் குழாயில் தலைவர் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் எட்டுச் சொட்டு. காய்ச்சினார். நீலம் நீலமாகவே நின்றது.

இரண்டாவது குழாயில் தேன் சீசாவிலிருந்து ஒரு சொட்டு. காய்ச்சினார். நீலம் பச்சையானது, மஞ்சளானது. பிறகு சூளையிலிருந்து எடுத்த செங்கல்லின் நிறத்தில் கலங்கி நின்றது.

மூன்றாவது குழாய்க்கு அத்தை கிண்ணத்தின் மூடியைத் திறந்தார். அன்று காலை மாமாவின் உடலிலிருந்து வெளியேறிய, சபையில் பெயர் சொல்லக் கூடாத திரவம் அது. முன்வரிசை அப்படியே ஒரு முழம் பின்னால் நகர்ந்தது. சுப்பராமய்யா நடவடிக்கைப் புத்தகத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

எட்டுச் சொட்டு. காய்ச்சினார். பச்சை. மஞ்சள். செங்கல்.

அத்தை கடைசி இரண்டு குழாய்களையும் மாமாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். "ஒண்ணு சீசாவுல கீற தேனு. ஒண்ணு நீ துன்னு வெளிய வுட்டது. எது எதுன்னு சொல்லு பாக்கலாம்."

மாமா இடது குழாயைப் பார்த்தார். வலது குழாயைப் பார்த்தார். மண்டியில் ஒரு கைப்பிடிக் கடலையைப் பார்த்து எந்த ஊர் மண்ணில் விளைந்தது என்று சொல்கிற கண் அது.

"ரெண்டூ ஒகே ரங்கு, இரண்டும் ஒரே நிறம்," என்று சுப்பராமய்யா மெல்லச் சொன்னார்.

"தெரியல தாயாரு," என்றார் மாமா. குரலில் ஏலம் இல்லை. "எனக்கே தெரியல."

"சோலையில பொறந்ததுதான்," என்றார் அத்தை. "பொறந்த எடத்த வுடு. போய்ச் சேர்ற எடத்தப் பாரு. உன் கால்ல ஈ ஒக்காந்துக்கினு கீது, ரொம்ப நேரமா. தெரியுதா?"

மாமா குனிந்து பார்த்தார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

யாரும் கை தட்டவில்லை. சுப்பராமய்யா புத்தகத்தைத் திறந்து, பழைய தீர்ப்பைக் குறுக்கே கோடிட்டு அடித்தார். பேனாவை மாமாவிடம் நீட்டினார். தோற்ற பக்கம் கையெழுத்துப் போடும் வழக்கம் அங்கே கிடையாது. மாமா போட்டார்.

மாமாவின் நிபந்தனை

வீட்டுக்குத் திரும்பும்போது மாமா ஒரு தோளை என் மேல் சாய்த்துக்கொண்டார். அத்தை கூடையோடு முன்னால் நடந்தார். ரயில் நிலையத்தருகே கூட்டத்தில் பாதி எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. இன்னும் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கைதான்.

விரல் அன்று மாலை காலோடுதான் இருந்தது. அதற்கு மேல் அன்று யாராலும் எதையும் சொல்ல முடியவில்லை.

"மாப்ளே, வுட்டுட்டேன்னு சொல்லிட்டேன். வுட்டுடுவேன்," என்றார் மாமா. "ஆனா தெனம் அந்தக் கொழாயப் பாக்கணுமே. தாயாரு பாத்து செவப்புன்னு சொன்னா, என் வாயக் கட்ட பொய் சொல்றாள்னு தோணும். நானே பாத்தேன்னு வெய்யி, செவப்பையும் பச்சைம்பேன். எனக்கு என்னைத் தெரியும்."

"அப்போ யார் பார்ப்பது?"

"நீதான். தெனம் உன்னால ஆவாது, வாரத்துக்கு ஒரு நாளு. ஞாயித்துக்கெழம காலைல."

ஞாயிறு என்பது மேடைக்காரனுக்கு அறுவடை நாள். எல்லைக் கூட்டங்கள் எல்லாம் ஞாயிற்றில்தான் நடக்கும். அடுத்த மூன்று ஞாயிறுகளுக்கு எனக்கு மேடைகள் பேசி வைத்திருந்தார்கள். "பொய் சொன்னவனையா நம்புகிறீர்கள்?" என்று கேட்டுத் தப்பிக்கப் பார்த்தேன்.

"அதனாலதான். நூறு பேரு எதுர்ல மாட்டிக்கினவன் சீக்கிரத்துல மறுபடி சொல்லமாட்டான். அதுவும் இல்லாம, சித்தருன்னு ஊரே கூப்புடப் போவுது. நீ கொஞ்ச நாளு மேடை ஏறாம இருக்கறது உனக்கே நல்லது."

முன்னால் போன அத்தை திரும்பினார். "வரட்டும். ஆனா நைனா, வந்து அடுக்கா எடுத்து வுடாத. அந்திவானம் மாதிரி, மாதுளம்பூ மாதிரின்னு நீ ஆரம்பிச்சா இவரு அதையும் கேட்டுட்டு அழகா கீதுன்னு ஒரு டம்ளர் தேன் குடிப்பாரு. இங்கியே எல்லார் எதுர்லயும் வாக்குக் குடு."

நான் நின்றேன். பின்னால் வந்த கூட்டமும் நின்றது. வலது கை தானாக உயர்ந்தது; துண்டு தோளில் ஏறியது. "புத்தூர்ப் பெருங்குடி மக்களே!" என்று தொடங்கினேன்.

மாமா தடியின் நுனியால் என் கணுக்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

கையை இறக்கினேன். எங்கள் வீட்டில் பேசுகிற குரலில், ஆனால் கடைசி ஆள் வரை கேட்கும்படி சொன்னேன்:

"ஞாயித்துக்கெழம மொதல் பஸ்ஸுல வரேன் மாமா. நீலமா இருந்தா நீலம்னு சொல்றேன். செவப்பா இருந்தா செவப்புன்னு சொல்றேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசமாட்டேன்."